ரெக்கைக் கார்

ராசியில்லாத வண்டின்னு உங்ககிட்ட யாருங்க சொன்னது? சாரட்டு லோகுதானுங்களே? நீங்க சொல்ல வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது. வந்ததிலிருந்து வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றீங்க, கதவுகிட்டப் போறீங்க, கை மட்டும் நீள மாட்டேங்குது. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்தப் பக்கம் வாங்க. மகளுக்குக் கல்யாணம்னு காங்கயத்துலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கீங்க. நடந்ததை முழுசாக் கேட்டுப்போட்டு, அப்புறம் வண்டி வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேனுங்க. நாச்சிமுத்து யாரையும் கட்டாயப்படுத்தினதில்லை.

இது எங்க முதலாளி ஒருத்தர் பஞ்சு மில் நடத்தின காலத்துல வாங்கின கார். மில்லு போயிருச்சு, முதலாளியும் போயிட்டாரு, வண்டி மட்டும் மாட்டுக் கொட்டாயில கெடந்துச்சு. டிரைவரா இருந்தவன் நான்தானே, எனக்குத்தான் மனசு கேக்கலை. எடுத்துட்டு வந்தேன். பெயிண்ட் அடிச்சு, சீட்டு மாத்தி, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓட்டலாம்னு. ஆனா பழைய கார் இப்ப எல்லாருகிட்டயும் இருக்குதுங்க. லோகு குதிரை சாரட்டு வெச்சிருக்கான், குதிரை தலையில தோகை வேற. அவனுக்கு எதிரா என்ன பண்றது? யோசிச்சு யோசிச்சு, பின்கதவு ரெண்டையும் அறுத்து, கூரையில கீல் வெச்சு, பறவை ரெக்கை விரிக்கிற மாதிரி மேல போகற கதவாப் பண்ணினேன். நானே பண்ணினேனுங்க. வெல்டிங்குக்கு மட்டும் ஆளு.

கதவு மேல போகறது பெருசில்லீங்க. போன கதவு அங்கயே நிக்கோணும். அதுதான் வித்தை. டிக்கியைத் தூக்கிவிட்டா விழாம நிக்குதில்லீங்களா, ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு கம்பி? அதைத்தான் நாங்க கேஸ் ஷாக்குங்கறது. உள்ள காத்தை அழுத்தி அடைச்சிருப்பாங்க. காத்து அதிகமானா கதவு பிச்சுக்கிட்டு மேல போயி ஆளோட தாடையைப் பேத்துடும். கம்மியானா தலை மேல விழும். குளுர்ல காத்து சுருங்கும், வெயில்ல உப்பும். காலையில சரியா இருக்கற கதவு மத்தியானம் வேற கதவுங்க. பொண்டாட்டியைப் புரிஞ்சுக்கறதை விடச் சிரமம்னு ருக்மணிகிட்டயே சொல்லியிருக்கேன். ருக்மணி என் ஊட்டுக்காரி. "என்னைப் புரிஞ்சுக்க எப்ப உக்காந்தீங்க?"ன்னு கேட்டா. அவ அப்படித்தான், ஏதாவது சொல்லீட்டே இருப்பா.

ஐப்பசி மாசம் ஒரு கல்யாணத்துல கதவு எறங்கிருச்சுங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா தலை மேல. அடி ஒண்ணும் பெருசில்லை, உருமால் கட்டியிருந்தாரு. ஆனா உருமால் மண்ணுல விழுந்துருச்சு பாருங்க, அதுதான் பேச்சாப் போச்சு. லோகு சும்மா இருப்பானா? "ரெக்கைக் கார் இல்லீங்க, எலிப்பொறி"ன்னு மண்டபம் மண்டபமாச் சொல்லிட்டுத் திரிஞ்சான். எனக்கு வந்த ஆளுகெல்லாம் அவன்கிட்டப் போயிட்டாங்க. நான் இந்த ஷெட்டுக்குள்ளயே கெடந்தேன். வெளிய தலை காட்டினா எலிப்பொறின்னு கூப்பிடறானுக. டீக்கடைக்குப் போறதையே உட்டுட்டேன்.

அந்த மாசம் பூரா இந்தக் கதவுதானுங்க. பழைய ஷாக்கைக் கழட்டி வீசிட்டு, காத்தை ஏத்தி எறக்கற மாதிரி புதுசு வாங்கினேன். தண்டு கீழ பாத்து நிக்கற மாதிரி மாட்டோணும், அப்பத்தான் உள்ள இருக்கற எண்ணெய் ரப்பர் வாசர்ல நின்னு, அது காயாம இருக்கும். முதல்ல அதைத் தலைகீழா மாட்டித்தொலைச்சிருந்தேன். அப்புறம் அது புடிச்சிருக்கற இடம். ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலந்தான், தள்ளி ஓட்டை போட்டா கதவோட குணமே மாறிப்போகுதுங்க. கடைசியாப் புடிச்சேன் பாருங்க ஒரு இடம்! மூடியிருக்கறப்ப அதே ஷாக்கு கதவைக் கீழ அழுத்திப் புடிச்சுக்கும். கையால ஒரு நாலு விரக்கடை தூக்கற வரைக்கும் கீழதான் இழுக்கும். அந்த இடத்தைத் தாண்டிட்டா அதே ஷாக்கு மேல தள்ள ஆரம்பிக்கும். அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. அப்படியே போயி உச்சியில நிக்கும், ஆள் தொங்கினாலும் எறங்காது.

அதைச் சோதிக்கத்தான் ஒரு நாள் பின்சீட்டுல உக்காந்தேன். உக்காந்து கதவை இழுத்து மூடினேன். 'டக்'குனு உக்காந்துச்சு, அத்தனை சுத்தமா. அப்பத்தான் பாக்கறேன், உள்பக்கம் புடியே இல்லை. நான்தானுங்க எடுத்துட்டேன். பொண்ணோட நெத்திச்சுட்டி, முத்துச்சரமெல்லாம் அதுல மாட்டுதுன்னு எடுத்துட்டு, சாஞ்சு புடிச்சுக்கக் கதவுலயே ஒரு தோல்வாரு மட்டும் தெச்சு வெச்சிருந்தேன். வெளிய இருந்து பட்டனை அமுத்தினாத்தான் பூட்டு விடும். முன்னாடி டிரைவர் சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல கண்ணாடித் தடுப்பு. கை போகற அளவுக்கு ஒரு சின்னச் சன்னல், அவ்வளவுதான். போன் வெளிய பெஞ்சு மேல அடிச்சுட்டுக் கெடக்குது. ருக்மணி கோயிலுக்குப் போயிருந்தா.

என்னத்தைச் சொல்லறது போங்க. முதல்ல சிரிச்சேன். அப்புறம் வேர்த்துச்சு. அப்புறம் கதவைத் தட்டினேன், உதைச்சேன், கத்தினேன். ரோட்டுல ஆளுக போறது தெரியுது, பேசிட்டுப் போறானுக, யாருக்கும் கேக்கலை. நெஞ்சுக்குள்ள யாரோ முட்டியை வெச்சு அழுத்தற மாதிரி இருந்துச்சுங்க. ருக்மணி வந்து பட்டனை அமுத்தித் தூக்கினா. நான் மண்ணுல கையூணி உக்காந்துட்டேன். அவ தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, "உள்ள ஒரு புடி வெச்சுடுங்க"ன்னா.

"ஏன்டி, நான் என்ன தினமும் உள்ளயா உக்காரப் போறேன்?"

"உக்காரப் போறது நீங்க இல்லையே"ன்னா.

எனக்கு அதெல்லாம் தோணலைங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, அத்தனை உதை உதைச்சும் கதவு அசையலை பாருங்க, என்ன ஒரு பொருத்தம்! இனி எலிப்பொறின்னு ஒருத்தன் வாயைத் திறக்கட்டும்னு நெனச்சேன்.

கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு ஆளு வந்துச்சு. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி தேவராஜ். போர் போடற லாரி நெறைய வெச்சிருக்கறவரு. அவரு மகள் தாரணிக்கும், தறிப்பட்டறைக்காரரு மகன் கோகுல்நாத்துக்கும் கல்யாணம். பெரிய இடம். லோகுவோட சாரட்டு மாப்பிள்ளைக்கு, என் கார் பொண்ணுக்கு. ஒரே மண்டபத்து வாசல்ல ரெண்டு பேரும். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்குங்க. ஐப்பசியில போன மானத்தை அங்க எடுத்தா உண்டு, இல்லாட்டி வண்டியைக் காயலான் கடைக்குத்தான் ஓட்டோணும். குளுர்காலம், விடியக்காலம், கதவு மேல பூ வேற சுமையாக் கட்டுவாங்கன்னு சொல்லி, ஷாக்குல காத்தைக் கொஞ்சம் தூக்கலாவே ஏத்தி வெச்சேன்.

பிள்ளையார் கோயில்ல பொண்ணை ஏத்தினோம். சீட்டு ஒருத்தருக்குத்தான், சிம்மாசனம் மாதிரி பண்ணி வெச்சிருக்கேன். பொண்ணோட அத்தை என் பக்கத்துல முன்னாடி உக்காந்தாங்க. மண்டபத்து வாசல்ல வந்து நின்னதும் அவங்க ஆரத்தித் தட்டு எடுக்க எறங்கி ஓடினாங்க. ஒரு பக்கம் பந்தல் தூணு, அந்தக் கதவு திறக்க வழியில்லை. இந்தப் பக்கம் ஜனம். மேளம் காதைக் கிழிக்குது. அப்பத்தான் தடுப்புச் சன்னல்ல தட்டற சத்தம் கேட்டுச்சு.

"ஏனுங்கண்ணா."

திரும்பினேன். அந்தப் புள்ளைதான். மூஞ்சி பூரா மஞ்சளும் வேர்வையும்.

"கதவு மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்கண்ணா. திறக்கலைன்னு சொல்லிடுங்க."

"என்ன கண்ணு சொல்றே? என் கதவு ஏன் மாட்டுது?"

"மாட்டலைங்க. மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. இந்த முகூர்த்தம் தாண்டிட்டாப் போதும். அப்புறம் மார்கழி வந்துரும், தை பொறக்கற வரைக்கும் விட்டுருவாங்க. சென்னையில எனக்கு வேலை ஆயிருச்சு, ஆர்டர் வந்துரும். நான் போயிருவேன்."

"அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே அம்மிணி?"

"சொன்னேனுங்க. போனைப் புடுங்கிட்டாங்க. பெரியம்மா ஊட்டுல ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. இன்னைக்குத்தான் வெளிய வந்திருக்கேன். அண்ணா, உங்க காலைக் கும்புடறேன்."

கல்யாணப் பொண்ணுக கடைசி நேரத்துல இப்படிப் பயப்படறதுதானுங்களே? நம்ம ஊட்டுப் பொண்ணுக பயப்படலையா? பூட்டி வெக்கறதும் எல்லா ஊட்லயும் நடக்கறதுதான். உங்களுக்குத் தெரியாததா? அதுக்குள்ள தேவராஜே வந்து வெளியிலிருந்து பட்டனை அமுத்தித் தூக்கினாரு. வரலை. மறுபடியும் தூக்கினாரு, வரலை. உள்ள அந்தப் புள்ளை தோல்வாரை ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்குது. கண்ணாடியில எனக்கு நல்லாத் தெரியுது. வெளிய இருக்கறவங்களுக்குப் பூ மறைக்குது.

"என்னய்யா, திறக்க மாட்டேங்குது?"ன்னாரு. சுத்தி நின்னவங்கள்ல யாரோ சிரிச்சாங்க. "எலிப்பொறிடா, மாட்டிக்கிச்சு!"ன்னு ஒரு குரல். யாரு குரல்னு நான் சொல்லோணுமா? சாரட்டு மேல நின்னுட்டு எக்கி எக்கிப் பாக்கறான். ஐயரு உள்ளயிருந்து ஆளு மேல ஆளு அனுப்பறாரு, நேரம் போகுதுன்னு.

நீங்களே சொல்லுங்க. என் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு மாசம் சோறு தண்ணியில்லாம நான் சரி பண்ணின கதவுங்க. அது மாட்டிக்கிச்சுன்னு என் வாயால, அத்தனை ஜனத்துக்கு முன்னாடி, லோகு காது கேக்கச் சொல்லோணுமாம்!

எறங்கிப் போனேன். பூ இடுக்குல கண்ணாடி வழியா அந்தப் புள்ளை என்னையே பாத்துச்சு. வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுச்சு. "பயப்படாத கண்ணு"ன்னு சொல்லிட்டு, பட்டனை அமுத்தி, அடியில ரெண்டு கையையும் குடுத்து ஒரே தூக்கு. அந்த நாலு விரக்கடைதானுங்களே? அதைத் தாண்டினதும் ஷாக்கு புடிச்சுக்கிச்சு. தூக்கலா காத்து ஏத்தியிருந்தேன்னு சொன்னேனே. கதவு 'விருட்'டுனு மேல போகுது, அந்தப் புள்ளை வாரை உடவே இல்லை. கதவோடவே அப்படியே எந்திரிச்சு வருதுங்க! பூவுக்குள்ளயிருந்து, ரெண்டு கையும் வானத்தைப் பாத்து, சிவப்புப் பட்டுல. ஜனம் முண்டியடிச்சுப் பாத்துச்சு. அப்புறம் விசில், கைதட்டல். எல்லாம் ஏற்கனவே பேசிவெச்சுப் பண்ணினதுன்னு நெனச்சுட்டாங்க. வளையல் ரெண்டு ஒடைஞ்சு கையில கீறியிருச்சு. அதை யாரும் பாக்கலை. தாலி சரியான நேரத்துக்கு ஏறிடுச்சுங்க. தேவராஜ் என் கையைப் புடிச்சு, "மானத்தைக் காப்பாத்தினய்யா"ன்னாரு.

போட்டோக்காரப் பசங்க அதை வீடியோவாப் போட்டுட்டாங்க. இதா, பாருங்க. எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு பாருங்க! எப்படி எந்திரிக்குது, சாமி செலை எழுந்தருள்ற மாதிரி. ருக்மணிகிட்டக் காட்டினேன். ரெண்டு தடவை பாத்தா. "அந்தப் புள்ளை அழுவுதுங்க"ன்னா. கல்யாணத்தன்னைக்கு எந்தப் பொண்ணுடி அழுவலைன்னு கேட்டேன். போனைத் திருப்பிக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

தை மாசி பங்குனி, ஒரு முகூர்த்தம் சும்மா நிக்கலைங்க வண்டி. எல்லாப் பொண்ணுகளும் அதே மாதிரி கதவோட எந்திரிக்கோணும்னு கேக்கறாங்க. லோகு குதிரைக்குப் புல்லுப் போட்டுட்டு உக்காந்திருந்தான்.

பங்குனி கடைசியில ஒரு நாள் கோகுல்நாத்தே வந்தாரு, அந்த மாப்பிள்ளை. கூடவே அந்தப் புள்ளை தாரணியும். மாப்பிள்ளை தம்பிக்குச் சித்திரையில கல்யாணமாம். இதே கார்தான் வேணும், வரப்போற பொண்ணும் இதே மாதிரி எந்திரிக்கோணும்னாரு. எனக்கு அவ்வளவு சந்தோசமுங்க. அந்தப் புள்ளை இளைச்சுப் போயிருந்துச்சு. புது ஊட்டுச் சோறு ஒட்டலையாட்ட இருக்குது. மாப்பிள்ளைதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசினாரு. அந்தப் புள்ளையோட போன் கூட அவரு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. பொறுப்பான பையன்.

"உள்ள உக்காந்து காட்டு, எப்படி எந்திரிச்சேன்னு தம்பிக்குப் பாத்த பொண்ணுக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம்"னாரு.

அது ஏறி உக்காந்துச்சு. நான் கதவை மூடினேன். மாப்பிள்ளை போனைப் புடிச்சுட்டு வெளிச்சம் பாத்துப் பின்னால போறாரு. அது தடுப்புச் சன்னல் வழியா என்னைக் கூப்புட்டுச்சு. நான் டிரைவர் சீட்டுப் பக்கமாப் போயிக் குனிஞ்சேன்.

"ஏனுங்கண்ணா, இதை உள்ளயிருந்து திறக்கவே முடியாதுங்களா?"

"முடியாது கண்ணு. நகை மாட்டுதுன்னு புடியை எடுத்துட்டேன்."

தலையைத் தூக்கிக் கதவோட கீலைப் பாத்துச்சு. அப்புறம் கேட்டுச்சு பாருங்க, எனக்கு ஆச்சரியமாப் போச்சு. "இந்தக் கதவு மேல போகற வேகத்தைக் குறைக்க முடியுங்களா?"

இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்லைங்க! தாராளமா முடியும், ஷாக்குல காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டா, கதவு பாரமும் காத்தும் சரிக்குச் சரியா நிக்கற இடம் ஒண்ணு வரும், அப்ப ஆடி அசைஞ்சு போகும்னு எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். சித்திரை வெயில்ல காத்து தானா உப்பறதால பாதியில நிக்கற பயமும் இல்லைன்னேன். அத்தனையும் காது குடுத்துக் கேட்டுச்சுங்க.

"அப்ப ரொம்ப மெதுவா வெய்யுங்கண்ணா. எத்தனை மெதுவா முடியுமோ அத்தனை மெதுவா. போன தடவை சட்டுனு முடிஞ்சுபோச்சு. எல்லாரும் நின்னு பாக்கோணும்."

என்ன ரசனை பாருங்க! நான் கதவைத் தூக்கினேன், அது வாரைப் புடிக்கவே இல்லை. கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. மாப்பிள்ளைக்குக் கோவம். "புடிச்சு எந்திரிக்கத் தெரியாதா உனக்கு?"ன்னு மறுபடி மூடச் சொன்னாரு. மூடினோம், திறந்தோம், மூடினோம். அவரு மனசுக்கு ஒத்து வர்ற வரைக்கும் உள்ளயே இருந்துச்சு.

அது கேட்டதுக்காக மறுபடியும் உக்காந்தேனுங்க. லேசான வேலை இல்லை. காத்தைத் துளி அதிகமா விட்டுட்டாக் கதவு தொங்கிப்போகும். விட்டு, பாத்து, பூ எடைக்கு ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, காலையில ஒருக்கா, வெயில்ல ஒருக்கா. கடைசியில வந்துச்சு. தாமரை விரியறதைப் பாத்திருக்கீங்களா? அப்படி.

சித்திரைக் கல்யாணம். அதே மாதிரி மண்டபத்து வாசல், அதே ஜனம். கல்யாணப் பொண்ணு நல்லாச் சிரிச்ச மூஞ்சி, ஏறும்போதே என்கிட்ட, "அண்ணா, எப்ப வாரைப் புடிக்கோணும்?"னு கேட்டுச்சு. நான் எறங்கிப் பட்டனை அமுத்தி, அந்த நாலு விரக்கடையைத் தூக்கிட்டு, ஒரு விரல் குடுத்தேன். அவ்வளவுதான். கதவு கெளம்புச்சு. அத்தனை போனும் மேல போச்சுங்க. தறிப்பட்டறைக்காரரு, மாப்பிள்ளை, தேவராஜ், அத்தை, சமையக்கட்டுல இருந்தவங்க வரைக்கும் வாசலுக்கு வந்துட்டாங்க. ஒருத்தர் கண்ணு சிமிட்டலை. கோகுல்நாத் முட்டி போட்டு உக்காந்து அடியிலிருந்து படம் எடுக்கறாரு. கதவு போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது. பொண்ணு அன்னம் மாதிரி எந்திரிக்குது. ஊரே மூச்சைப் புடிச்சுட்டு நின்னுச்சுங்க.

சாப்பாட்டுப் பந்தியிலதான் தாரணி எங்கன்னு கேட்டாங்களாம். மொதல்ல பொண்ணு ரூம்ல இருக்கும்னாங்க. அப்புறம் மாடியில பாத்தாங்க. அப்புறம் பின்வாசல்ல பாத்திரம் கழுவிட்டிருந்த அம்மா ஒண்ணு சொல்லியிருக்குது, "வாசல்ல கைதட்டல் கேக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு ஒரு பையை எடுத்துட்டு இந்தப் பக்கமாப் போச்சு, பஸ்ஸு ஏறிருச்சு"ன்னு. புருசன் சட்டைப் பையிலிருந்த தன்னோட போனைக் கூட எடுக்கலை. அப்படியே உட்டுட்டுப் போயிருச்சு.

என்கிட்ட வந்து மொரட்டுத்தனமாக் கேட்டாங்க. நீ பாத்தியா, உன்கிட்ட ஏதாவது சொல்லுச்சான்னு. எனக்கென்னங்க தெரியும்? நான் கதவைப் பாத்துட்டு நின்னேன். எல்லாரும் கதவைத்தான் பாத்துட்டு நின்னாங்க. அதைத்தான் சொன்னேன். பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுச் சென்னையிலிருந்து அவங்கம்மாவுக்குப் போன் பண்ணி, வேலையில சேந்துட்டேன், நல்லா இருக்கேன், யாரும் தேடி வரவேண்டாம்னு சொல்லுச்சாம். வக்கீல் நோட்டீசும் வந்துருச்சுன்னு கேள்வி.

ருக்மணிகிட்ட வந்து சொன்னேன். எல்லாத்தையும், அந்தப் புள்ளை கதவை மெதுவா வெக்கச் சொன்னது வரைக்கும். அடுப்பை அணைச்சுட்டு வந்து, இங்க இந்த வண்டிகிட்ட நின்னு, கதவைத் தடவிப் பாத்தா. "நல்ல கதவுதானுங்க"ன்னா. இத்தனை வருசத்துல அந்த வண்டியைப் பத்தி அவ வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தது அன்னைக்குத்தான். கண்ணு கூடக் கலங்கியிருந்துச்சு. நான் பட்ட பாடு அவளுக்காவது தெரிஞ்சுதேன்னு இருந்துச்சு எனக்கு.

லோகுதான் விடலை. ரெக்கைக் கார்ல ஏறுன பொண்ணு புருசன் ஊட்ல தங்காது, பறந்துரும்னு கெளப்பிவிட்டுட்டான். அதுலிருந்து நீங்கதானுங்க இந்த ஷெட்டுக்குள்ள வந்த முதல் ஆளு. இதுல வண்டி பண்ணின தப்பு என்ன? நான் பண்ணின தப்பு என்ன? நீங்க பெரியவங்க, நியாயம் சொல்லுங்க.

எனக்கு அந்தப் புள்ளை மேல ஒரே ஒரு மனத்தாங்கல்தான். ஊட்டை உட்டுப் போனது அது பாடு, அவங்க அப்பன் பாடு. ஆனா அத்தனை பாடுபட்டு, அது கேட்ட மாதிரியே, ஒரு சத்தமில்லாம, அவ்வளவு மெதுவாப் போக வெச்சிருந்தேனுங்க. நின்னு ஒருக்காப் பாத்துட்டாவது போயிருக்கலாமுங்க.